இணையப் பக்கத்தில் காணொளி: காப்புரிமைச் சிக்கலில் மாட்டாமல் பதிப்பது எப்படி

சங்கத்தின் ஆண்டு விழா நடனத்தை ஐபோனில் எடுத்து இணையத்தளத்தில் ஏற்றியாயிற்று. ஏற்றியவரின் கைப்பேசியில் அழகாக ஓடுகிறது. அலுவலகத்து விண்டோஸ் கணினியில் திறந்தவருக்குப் பாட்டு மட்டும் கேட்கிறது, திரை கறுப்பாக நிற்கிறது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு முறை ஏற்றுகிறார்கள். அப்போதும் கறுப்புத்தான்.

கோப்பில் பழுதில்லை. ஐபோனின் கேமரா 2017இல் வந்த ஐஓஎஸ் 11 தொடங்கி எச்இவிசி என்ற சுருக்கு முறையில் (காணொளியைச் சிறிய கோப்பாக்கும் கோடெக்) பதிவு செய்கிறது. அந்த முறைமேல் உள்ள காப்புரிமைகள் பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடக்கின்றன. உரிமக் கட்டணம் வசூலிக்க ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டமைப்புகள் தனித்தனியாகக் கிளம்பின. அதனால்தான் மைக்ரோசாஃப்ட் தன் செயலிக் கடையில் எச்இவிசி நீட்டிப்பை 0.99 அமெரிக்க டாலருக்குத் தனியாக விற்றது. உங்கள் பார்வையாளர் அதை வாங்கியிருப்பார் என்று நம்பிப் பக்கம் அமைக்க முடியாது. தொலைதூரத்துக் காப்புரிமைத் தகராறு சிங்கப்பூரின் தேக்காவில் இருக்கும் ஒரு நடனப் பள்ளியின் பக்கத்துக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது. பெரும்பாலும் வழக்கறிஞர் கடிதமாக வருவதில்லை. ஓடாத காணொளியாக வருகிறது.

முதலில் ஒரு சொல் தெளிவு. தமிழில் ‘காப்புரிமை’ என்பதைப் பேட்டன்டுக்கும் சொல்கிறார்கள், காப்பிரைட்டுக்கும் சொல்கிறார்கள். இங்கே காப்புரிமை என்றால் பேட்டன்ட் மட்டுமே. காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றே குறிப்பிடுகிறோம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பின்னால் கடிதம் வரும்போது தவறான ஆளிடம் போய் நிற்க நேரும்.

ஒரே வழக்கு, உலகெங்கும் ஒரு கூடுதல் கிளிக்

இணையப் பக்கத்துக்குள் படமும் காணொளியும் ஊடாடும் செயலியும் ஓடுவதையே உரிமை கோரிய வழக்கு ஒன்று உண்டு. அது நடந்த விதம் தெரிந்தால் உங்கள் தளத்தை எப்படி அடுக்க வேண்டும் என்பது தானாகப் புரியும். அமெரிக்கக் காப்புரிமை எண் 5,838,906 என்பதற்கு 1994இல் விண்ணப்பித்தார்கள். 1998 நவம்பரில் கிடைத்தது. உரிமையாளர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், உரிமம் பெற்றது இயோலாஸ் என்ற நிறுவனம். 1999இல் மைக்ரோசாஃப்ட்மேல் வழக்குப் போட்டார்கள். 2003 ஆகஸ்டில் நடுவர் குழு சுமார் 52 கோடி டாலர் இழப்பீடு என்றது. இணையத்தின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பே அந்தக் காப்புரிமையை மறுபடி ஆராயும்படி அமெரிக்க அலுவலகத்தைக் கேட்டது. ஆராய்ந்தபின் அலுவலகம் 2005இல் காப்புரிமை செல்லும் என்று சொல்லிவிட்டது. 2007இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

நமக்கு முக்கியமானது இதற்கிடையில் நடந்தது. 2006இல் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் நடத்தையை மாற்றியது. பக்கத்தில் ஆப்ஜெக்ட், எம்பெட், ஆப்லெட் டேக்குகளால் (பக்கத்தின் நிரலில் எழுதும் குறிகள்) நேரடியாகப் பதித்த எதுவும் உடனே சொன்னபடி கேட்காது. சுட்டியை மேலே கொண்டுபோனால் சுற்றிலும் ஒரு கட்டம் தோன்றும், ‘இயக்கக் கிளிக் செய்யவும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழும். கிளிக் செய்தாலோ ஸ்பேஸ் அல்லது என்டர் விசையை அழுத்தினாலோதான் பொத்தான்கள் வேலை செய்யும். அடோபியின் ஃபிளாஷ் என்ற அசைபட மென்பொருளில் செய்த மெனுவை நம்பி அமைத்த தளங்களில் வந்தவர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு முறை கிளிக் செய்தார்கள். தளம் உடைந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள்.

அதற்கு ஒரு மாற்று வழி இருந்தது. பதிக்கும் டேக்கைப் பக்கத்திலேயே எழுதாமல், தனிக் கோப்பாக உள்ள ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பக்கத்தில் எழுதும்படி செய்தால் கட்டம் வராது. கவனியுங்கள்: அதே ஜாவாஸ்கிரிப்டைப் பக்கத்துக்குள்ளேயே வைத்தால் பலிக்காது, வெளிக் கோப்பாகவே இருக்க வேண்டும். எஸ்டபிள்யூஎஃப்ஆப்ஜெக்ட் என்ற சிறு நிரல் அந்நாளில் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதிக்கும் வரிகளை ஒரே பொதுக் கோப்பில் வைத்திருந்தவர்களுக்கு ஒரு கோப்பை மாற்றினால் போதும் என்று ஆயிற்று. முந்நூறு பக்கங்களில் தனித்தனியாக ஒட்டியிருந்தவர்கள் முந்நூறு பக்கங்களையும் திறக்க வேண்டியிருந்தது. 2008இல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டது. ஆனால் கையால் செய்த திருத்தங்கள் பல பழைய தளங்களில் இன்றும் எச்சமாகக் கிடக்கின்றன.

கதை அங்கே முடியவில்லை. 2009இல் இயோலாஸ் ஆப்பிள், கூகுள், அமேசான், யாஹூ, அடோபி உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள்மேல் டெக்சஸில் வழக்குத் தொடுத்தது. 2012 பிப்ரவரியில் டைலர் நகரில் விசாரணை. இணையத்தை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ நேரில் சாட்சி சொன்னார். பெய்-யுவான் வெய் எழுதிய வயோலா உலாவி, காப்புரிமை விண்ணப்பத்துக்கு முன்பே பக்கத்துக்குள் செயலியை ஓட்டிக் காட்டியது என்ற சான்று நடுவர் குழு முன் வைக்கப்பட்டது. காப்புரிமைக் கோரிக்கைகள் செல்லாது என்று தீர்ப்பாயிற்று, 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரு பழைய உலாவியின் நிரலும் தேதி போட்ட மின்னஞ்சல்களும் கோடிக்கணக்கான டாலர் வழக்கைச் சாய்த்தன. உங்கள் பழைய கோப்புகளைத் தேதியோடு வைத்திருக்கச் சொல்வது வெறும் ஒழுங்குக்காக இல்லை.

கையில் என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள்

தளத்தின் முழு நகலையும் உங்கள் கணினிக்கு இறக்குங்கள். வேர்ட்பிரஸ் என்றால் தரவுத்தளத்தையும் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் பதிவுகளின் உள்ளடக்கம் கோப்புகளில் இருக்காது. பிறகு அந்த நகலுக்குள் ஆப்ஜெக்ட், எம்பெட், ஐஃபிரேம் (வேறு தளத்தின் பக்கத்தை உள்ளே காட்டுவது), வீடியோ, ஆடியோ என்ற ஐந்து டேக்குகளையும் தேடுங்கள். அதோடு எஸ்டபிள்யூஎஃப், எஃப்எல்வி, டபிள்யூஎம்வி, எம்ஓவி என்று முடியும் கோப்புப் பெயர்களையும் தேடுங்கள்.

கிடைத்த ஒவ்வொன்றுக்கும் விரிதாளில் ஒரு வரி: எந்தப் பக்கம், எந்தக் கோப்பு, எந்தச் சுருக்கு முறை, யார் எடுத்தது, எப்போது ஏற்றியது, மூலப் பதிவு எங்கே. கடைசிக் கட்டம்தான் பெரும்பாலும் காலியாக நிற்கும். அடோபி 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது. மூலப் பதிவு வைத்திருந்தவர்கள் வேறு வடிவத்தில் மறுபடி ஏற்றினார்கள். ஃபிளாஷின் எஸ்டபிள்யூஎஃப் கோப்பை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு வேலை இரட்டிப்பானது.

சுருக்கு முறையைக் கோப்பின் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எம்பி4 என்பது வெறும் டப்பா. அதற்குள் எச்.264 இருக்கலாம், எச்இவிசி இருக்கலாம், ஏவி1கூட இருக்கலாம். விஎல்சி பிளேயரில் கோப்பைத் திறந்து கன்ட்ரோலும் ஜே எழுத்தும் சேர்த்து அழுத்தினால் உள்ளே என்ன என்று காட்டும். நிறையக் கோப்புகள் இருந்தால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் வசதி, கோப்புறையையே இழுத்துப் போடலாம்.

எந்த வடிவம், ஏன்

எச்.264 என்பது 2003இல் வந்த தரம். இதற்கும் காப்புரிமைகள் உண்டு, ஆனால் பெரும்பகுதி ஒரே கூட்டமைப்பின்கீழ் இருந்ததால் கணினி, கைப்பேசி, உலாவி தயாரிப்பாளர்கள் கட்டணம் கட்டிச் சேர்த்துக்கொண்டார்கள். யார் வீட்டுக் கருவியிலும் ஓடுகிறது. பார்ப்பவருக்கு இலவசமாகத் தரும் இணையக் காணொளிக்குக் கட்டணம் கேட்கப் போவதில்லை என்று அந்தக் கூட்டமைப்பை நடத்திய எம்பெக் எல்ஏ 2010 ஆகஸ்டில் அறிவித்தது. அந்தக் கூட்டமைப்பு இப்போது வயா எல்ஏ என்ற நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கோயில் விழா, பள்ளி நிகழ்ச்சி, கடை விளம்பரம் எல்லாம் இந்த இலவச வகையில் அடங்கும்.

ஏவி1 வேறு வழியில் வந்தது. கூகுள், மொசில்லா, மைக்ரோசாஃப்ட், அமேசான், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை 2015இல் கூடிக் கட்டணமில்லாத முறை வேண்டும் என்று முடிவெடுத்து 2018இல் அதை வெளியிட்டன. அதன்பின் சிஸ்வெல் என்ற நிறுவனம் ஏவி1க்கும் கூகுளின் முந்தைய சுருக்கு முறையான விபி9க்கும் உரிமக் கூட்டமைப்பு ஒன்றை அறிவித்தது. அது கட்டணம் கேட்பது கருவி தயாரிப்பாளர்களிடம். இணையத்தளம் நடத்துபவருக்கு இதனால் இன்று செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஆனாலும் ‘ஏவி1 என்றால் தகராறே கிடையாது’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

எங்கள் பரிந்துரை: மூலப் பதிவை அப்படியே வைத்துக்கொண்டு அதிலிருந்து இரண்டு நகல் எடுங்கள். முதல் நகல் எச்.264 காட்சி, ஏஏசி ஒலி, எம்பி4 டப்பா. இரண்டாவது ஏவி1 காட்சி, ஓப்பஸ் ஒலி, வெப்எம் டப்பா. எச்இவிசியைப் பக்கத்தில் போடவே போடாதீர்கள். நேரமோ வட்டு இடமோ இல்லை என்றால் முதல் நகல் மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதாது. ஆப்பிளின் சஃபாரி, ஏவி1 வன்பொருள் உள்ள புதிய கருவிகளில்தான் அதை ஓட்டும். ஐபோனில் அது 15 புரோவில் தொடங்குகிறது.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் செய்யும் முறை இது. மூலக் கோப்பைத் திறந்து ‘ஃபாஸ்ட் 720பி30’ என்ற தயார் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்ற பெட்டியில் குறியிடுங்கள். இதை விட்டுவிட்டால் கோப்பின் அட்டவணை கடைசியில் போய் உட்காரும், பார்ப்பவர் பிளே அழுத்தியபின் நெடுநேரம் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தர எண்ணை 22இல் வையுங்கள். எண் குறைந்தால் தரமும் அளவும் கூடும். பரதநாட்டியம்போல் வேகமான அசைவும் சரிகைப் பளபளப்பும் உள்ள காட்சிக்கு 20 நல்லது, மேடையில் ஒருவர் நின்று பேசுவதற்கு 24 தாங்கும். ஒலிக்கு 128 கிலோபிட். வீணை, வயலின் கச்சேரி என்றால் 192. காட்சி 8 பிட்டில் இருக்கட்டும். 10 பிட் எச்.264ஐப் பல உலாவிகள் ஓட்டாது, அங்கேயும் அதே கறுப்புத் திரைதான்.

ஏவி1 நகலுக்கு வீடியோ பகுதியில் எஸ்விடி-ஏவி1 தேர்ந்தெடுத்துத் தர எண்ணை 32 அளவில் வையுங்கள். இரண்டு முறைகளின் எண்கள் ஒரே அளவுகோலில் இல்லை, 22 என்று அப்படியே எழுதினால் தேவையில்லாமல் பெரிய கோப்பு கிடைக்கும். கணக்குக்கு: நொடிக்கு 2 மெகாபிட் வீதம் 10 நிமிடக் காணொளி 150 மெகாபைட். உங்கள் இணைய வாடகைத் திட்டம் மாதத்துக்கு எவ்வளவு தரவு அனுமதிக்கிறது என்று பார்த்து, அதை 150ஆல் வகுத்தால் எத்தனை முறை முழுதாகப் பார்க்கலாம் என்பது தெரியும்.

பதிவு செய்யும்போதே தவிர்க்க விரும்பினால் ஐபோனின் அமைப்புகளில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ தேர்ந்தெடுங்கள். கைப்பேசி எச்.264இலேயே எடுக்கும்.

பக்கத்தில் பதிப்பது

வீடியோ டேக்குக்குள் இரண்டு சோர்ஸ் வரிகள் எழுதுங்கள். மேலே ஏவி1, கீழே எச்.264. உலாவி மேலிருந்து கீழாகப் படித்து, தனக்குத் தெரிந்த முதலாவதை எடுத்துக்கொள்ளும். எச்.264ஐ மேலே வைத்தால் ஏவி1 நகலை யாரும் தொடவே மாட்டார்கள். ஒவ்வொரு சோர்ஸ் வரியிலும் டைப் பண்பில் டப்பாவின் வகையை மட்டும் எழுதாமல் உள்ளிருக்கும் சுருக்கு முறையையும் குறிப்பிடுங்கள். அது இல்லாவிட்டால் உலாவி வெப்எம் என்று பார்த்து இறக்கத் தொடங்கிவிட்டு, உள்ளே ஏவி1 என்று பிறகு தெரிந்து திணறும். ஐபோனில் முழுத்திரைக்குத் தாவாமல் இருக்கப் பிளேஸ்இன்லைன் பண்பைச் சேர்க்கவும். தானாக ஓட வேண்டுமென்றால் ஒலியை மூடி வைத்திருக்க வேண்டும், ஒலியோடு தானாக ஓடுவதை உலாவிகள் பொதுவாகத் தடுத்துவிடும்.

வழங்கியில் (சர்வர்) இரண்டு விஷயம் சரிபாருங்கள். வெப்எம் கோப்பு வீடியோ வகை என்ற தலைப்போடு அனுப்பப்பட வேண்டும். கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டால் தரும் வசதியும் இருக்க வேண்டும், அது இல்லையென்றால் சஃபாரி காணொளியைத் தொடங்கவே மாட்டேன் என்று நிற்கும்.

தமிழ் வசன வரிகள் போடுபவர்கள் கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். எஸ்ஆர்டி வடிவ வசன வரிக் கோப்பை உலாவி படிக்கும் வெப்விடிடி வடிவுக்கு மாற்றும்போது நொடிக்குப் பின்னால் வரும் காற்புள்ளியைப் புள்ளியாக்குங்கள்: 00:00:04,500 என்றிருந்தால் 00:00:04.500. இந்த ஒரு குறி பிசகினால் வரிகள் எதுவுமே தோன்றாது, பிழைச் செய்தியும் வராது.

இப்போது 2006இன் பாடத்துக்கு வருவோம். மேற்சொன்ன டேக்கைப் பக்கம் பக்கமாக ஒட்டாதீர்கள். வேர்ட்பிரஸில் ஒரு ஷார்ட்கோட் (முழு நிரலுக்குப் பதிலாக எழுதும் சிறு குறி) உருவாக்கி, பக்கங்களில் காணொளியின் பெயரை மட்டும் எழுதுங்கள். கையால் கட்டிய தளமென்றால் ஒரு பொது டெம்ப்ளேட் கோப்பு. சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க, அந்த ஒரு கோப்பில் காணொளியின் அகலத்தை 100 புள்ளி குறையுங்கள். தளத்தில் எல்லாக் காணொளியும் சுருங்க வேண்டும். சுருங்காமல் நிற்பவை எங்கோ நேரடியாக ஒட்டப்பட்டவை, அவற்றைத் தேடிப் பிடித்து மாற்றுங்கள். பிறகு அகலத்தைப் பழையபடி வைத்துவிடலாம்.

யூடியூப், விமியோ ஐஃபிரேமுக்கும் இதே விதி. அங்கே காணொளியைச் சுருக்குவதும் அனுப்புவதும் அந்த நிறுவனம், ஆகவே சுருக்கு முறை உரிமத்தின் சுமை உங்கள் தளத்தில் விழாது. சிறு அமைப்புகளுக்கு இதுவே சுலபமான வழி. கணக்கு முடக்கப்பட்டால் காணொளியும் போய்விடும் என்பதால் மூலப் பதிவு உங்கள் வட்டில் இருந்தே ஆக வேண்டும்.

பாடங்களை விற்பவர்கள்

துணைப்பாட நிலையமோ இசைப் பள்ளியோ பதிவு செய்த பாடத்துக்குக் காசு வாங்கினால் அது இலவசக் காணொளி ஆகாது. எம்பெக் எல்ஏ வெளியிட்ட எச்.264 உரிம விதிகளின்படி, சந்தா முறையில் ஆண்டுக்கு 1,00,000 சந்தாதாரர் வரை கட்டணம் இல்லை. தனித்தனியாக விற்றால் 12 நிமிடம் வரையிலான காணொளிக்குக் கட்டணம் இல்லை. அதைவிட நீண்டவற்றுக்கு விற்பனை விலையில் 2 விழுக்காடு அல்லது 2 அமெரிக்க சென்ட், எது குறைவோ அது. ஆகவே ஒன்றரை மணி நேரப் பாடத்தைத் தனியாக விற்பதைவிட மாதச் சந்தாவாக்குவது கணக்குக்கு எளிது. தொடங்கும் முன் வயா எல்ஏயின் நடப்பு விதிகளை ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் வந்தால்

வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள். மின்னஞ்சல் என்றால் முழுத் தலைப்போடு சேமியுங்கள். இது ஏன் முக்கியம்? காப்புரிமை இருப்பதை அறியாமலும், அறிந்திருக்க நியாயமான காரணம் இல்லாமலும் மீறியவரிடம் நட்டஈடு வாங்க முடியாது என்கிறது சிங்கப்பூர்க் காப்புரிமைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு. எண் குறிப்பிட்ட கடிதம் கையில் கிடைத்த பிறகு அந்த வாதம் செல்லாது.

பக்கத்தை உடனே அழிக்காதீர்கள். அப்போதைய நிரலும் கோப்புகளும் சேர்த்து முழு நகல் எடுங்கள், பிறகு வேண்டுமானால் பக்கத்தை மறைத்து வைக்கலாம். ‘தெரியாமல் செய்துவிட்டோம், மன்னிக்கவும்’ என்று பதில் எழுதாதீர்கள். மரியாதைக்காக எழுதும் அந்த ஒரு வரி ஒப்புதலாகப் படிக்கப்படும். கிடைத்தது, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு மேல் வேண்டாம்.

கடிதம் எதைப் பற்றியது என்று பாருங்கள். பின்னணிப் பாட்டு, புகைப்படம், வேறொருவர் எடுத்த காட்சி பற்றியதென்றால் அது பதிப்புரிமை, 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வரும். சிறு அமைப்புகளுக்கு வரும் கடிதங்களில் இந்த வகையையே அதிகம் எதிர்பார்க்கலாம். சுருக்கு முறை, பிளேயர், பதிக்கும் முறை என்று பேசினால் காப்புரிமை.

காப்புரிமை என்றால் எண்ணைத் தேடுங்கள். எண்ணே இல்லாத கடிதத்துக்கு முதல் பதில் எண்ணைக் கேட்பதுதான். ஒரு நாடு தந்த காப்புரிமை அந்த நாட்டில்தான் செல்லும். அமெரிக்க எண் மட்டும் இருந்தால், சிங்கப்பூரில் அதற்கு இணையானது பதிவாகியிருக்கிறதா என்று அறிவுசார் சொத்து அலுவலகமான ஐபோஸின் இணையப் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். உங்கள் வழங்கியோ வாடிக்கையாளர்களோ அமெரிக்காவில் இருந்தால் மட்டும் இந்த ஆறுதல் முழுமையானது இல்லை. பதிவாகியிருந்தால் விண்ணப்பத் தேதியைப் பாருங்கள்: ஆயுள் 20 ஆண்டு, அதுவும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டி வந்தால்தான். மென்பொருளுக்கு இங்கே காப்புரிமையே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். கணினி நிரலை விலக்கிய பிரிவு 1995ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

பிறகு காப்புரிமை ஆவணத்தின் கோரிக்கை (கிளெய்ம்ஸ்) பகுதியில் முதல் கோரிக்கையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். ஒரு தாளில் இடப்பக்கம் ஒவ்வொரு துண்டும், வலப்பக்கம் உங்கள் பக்கம் அதைச் செய்கிறதா என்பதும். பொதுவாக எல்லாத் துண்டும் பொருந்தினால்தான் மீறல். ஒன்று பொருந்தாவிட்டாலும் உங்கள் வழக்கறிஞர் பேசத் தொடங்கும் இடம் அதுதான். இந்தத் தாளோடு போனால் அவர் நேரமும் உங்கள் வெள்ளியும் மிஞ்சும்.

அடிப்படை இல்லாத மிரட்டலுக்கு எதிராக நீங்களே நீதிமன்றம் போக 77ஆம் பிரிவு வழி தருகிறது. ஆனால் ஒரு செய்முறையைப் பயன்படுத்துவதாகக் குற்றம் சாட்டும் மிரட்டலுக்கு அது பொருந்தாது. காணொளிக் காப்புரிமைகளில் பல செய்முறை வடிவிலேயே எழுதப்பட்டவை என்பதால் இதை நம்பிச் சூடாகப் பதில் எழுதிவிடாதீர்கள். வழக்கு என்றே ஆகிவிட்டால், 2022 ஏப்ரல் முதல் உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்து வழக்குகளுக்கு எளிமையாக்கப்பட்ட நடைமுறை இருக்கிறது. கோரும் தொகை 5,00,000 வெள்ளிக்குள் இருந்தால் அதைக் கேட்கலாம்.

கடைசியாக, தளத்தைக் கட்டித் தந்தவரோடு செய்த ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அவர் சேர்த்த பிளேயரால் மூன்றாம் தரப்பு உரிமை கோரினால் செலவு யாருடையது என்ற வரி அதில் இருக்கிறதா? இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சேர்க்கச் சொல்லுங்கள். கூடவே, பிளேயர் நிரலின் பெயர், பதிப்பு எண், உரிமம், சேர்த்த தேதி நான்கையும் எழுதித் தரும்படி கேளுங்கள். விரிதாளில் காலியாக நிற்கும் கட்டங்களில் அவையும் இடம்பெறட்டும்.